டாக்டர் காட்டுமாடு அவர்களே, வருக!

கொடைக்கானலுக்குப் பக்கத்து வட்டக்கானலில் உடனடியாக ஒரு பல்கலைக்கழகம் தொடங்க வேண்டும் என்று அரசையும் ஆளுநரையும் யு.ஜி.சி.யையும், கல்விக்காகப் பணம் போடத் துடிக்கும் பெரிய மனிதர்களையும் கேட்டுக்கொள்கிறேன். கொடைக்கானலில்தான் 1984இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அட்டுவம்பட்டிக்குப் போனால் பார்க்கலாமே என்பீர்கள். அது பாடம் நடத்துகிற இடம். வகுப்பு, தேர்வு, விடைத்தாள், மறுமதிப்பீடு என்று அதற்கு ஆயிரம் வேலை. நான் கேட்பது கௌரவ டாக்டர் பட்டம் மட்டும் வழங்குகிற பல்கலைக்கழகம். வகுப்பறை வேண்டாம். நூலகம் வேண்டாம். ஆசிரியர் வேண்டவே வேண்டாம், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு மேடை, ஒரு குத்துவிளக்கு, ஒரு டஜன் சிவப்பு அங்கி, நாலு கேமரா போதும்.

இடத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. பிற்பகலில் வட்டக்கானலில் மேகம் இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவர் யாரென்று தெரியாது. யார், யாருக்கு, எதற்காகக் கொடுக்கிறார் என்பது வெளியே தெரியக் கூடாத ஒரு விழாவுக்கு இதைவிட நல்ல தட்பவெப்பம் தமிழ்நாட்டில் கிடையாது. டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்கும் வழியெல்லாம் பிரெட் ஆம்லெட்டும் மேகியும் கிடைப்பதால் விருந்துச் செலவு குறைவு. எதிரொலிப் பாறையும் பக்கத்திலேயே இருக்கிறது. வாழ்த்துரையை ஒருமுறை வாசித்தால் போதும், மிச்சத்தைப் பாறை பார்த்துக்கொள்ளும்.

ஒரே ஒரு சிக்கல்தான். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் வேண்டும். யார், எந்த ஊர், என்ன வண்டி, எத்தனை நாள், எங்கே தங்கல் என்று எல்லாம் சொன்னால்தான் மலையேறலாம். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவந்தால் 20 ரூபாய் பசுமை வரி. டாக்டராவதற்கு இத்தனை கேள்வி கிடையாது. அங்கே யாரும் பையைத் திறந்து பார்ப்பதில்லை.

சட்டம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 22ஆம் பிரிவு, பட்டம் வழங்கும் உரிமை முறைப்படி அமைந்த பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே உண்டு என்கிறது. மீறினால் என்ன தண்டனை என்பதை 24ஆம் பிரிவு சொல்கிறது: அபராதம், 1,000 ரூபாய் வரை. ஆமாம், ஆயிரம். வட்டக்கானலில் வார இறுதிக்கு ஓர் அறை எடுக்கிறவர் இதைவிட அதிகம் கொடுத்துவிட்டுப் போகிறார். நாட்டின் உயர்கல்வி மானத்துக்கு நாடாளுமன்றம் போட்ட விலை அது. இத்தனை ஆண்டுகளில் பெட்ரோல் விலை ஏறியது, தங்கம் ஏறியது, பால் ஏறியது. இந்த விலையை ஏற்ற மட்டும் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

சந்தேகப்படுகிறவர்களுக்கு 2023 பிப்ரவரி 26ஆம் தேதியை நினைவுபடுத்துகிறேன். சர்வதேச ஊழல் தடுப்பு மற்றும் மனித உரிமைகள் கவுன்சில் என்ற பெயரில் ஓர் அமைப்பு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தின் அரங்கை வாடகைக்கு எடுத்து, கௌரவ டாக்டர் பட்டங்களை அள்ளி வழங்கியது. இசையமைப்பாளர் தேவா, யூடியூபர்கள் என்று பலர் பெற்றார்கள். நடிகர் வடிவேலுவுக்கு வீட்டுக்கே போய்க் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கையால் வழங்கப்பட்டது என்பதால் வாங்கியவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, பல்கலைக்கழகம் கொடுத்தது அரங்கை மட்டும் என்று. துணைவேந்தர் போலீசில் புகார் கொடுத்தார், ஏற்பாடு செய்தவர் கைதானார். ஊழலைத் தடுக்கக் கிளம்பிய அமைப்பின் சாதனை அது.

அந்த ஆளைத் திட்டித் தீர்த்தோம், மீம் போட்டோம், சிரித்தோம். எனக்கு அவர்மேல் பெரிய கோபம் இல்லை. அவர் செய்த ஒரே தவறு, அனுமதி இல்லாமல் செய்தது. மற்றபடி மேடை, அங்கி, சால்வை, நினைவுப் பரிசு, புகைப்படம் என்று எல்லாமே அனுமதி உள்ளவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். அசல் அவ்வளவு லட்சணமாக இருந்திருந்தால் போலியை யாராவது வாசலிலேயே கண்டுபிடித்திருப்பார்கள்.

அசலைப் பார்ப்போம். 2005இல் கமல்ஹாசனுக்கு சத்யபாமா கொடுத்தது. 2007இல் விஜய்க்கு டாக்டர் எம்.ஜி.ஆர். கல்வி ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்தது. 2022 ஜனவரியில் சிலம்பரசனுக்கு வேல்ஸ் கொடுத்தது. 2024 ஏப்ரலில் ராம் சரணுக்கும் வேல்ஸ் கொடுத்தது. எல்லாம் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், எல்லாம் சட்டப்படி. சிலம்பரசன் பட்டம் வாங்கிய அதே ஆண்டு செப்டம்பரில் அவர் நடித்த ‘வெந்து தணிந்தது காடு’ வெளிவந்தது. தயாரிப்பு வேல்ஸ் ஃபிலிம் இன்டர்நேஷனல். தயாரிப்பாளர் ஐசரி கணேஷ். பல்கலைக்கழகத்தின் வேந்தரும் ஐசரி கணேஷ். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. முதலாளி தன் படத்தின் நாயகனை டாக்டராக்கக் கூடாது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. சிலம்பரசன் நல்ல நடிகர், அதிலும் சந்தேகமில்லை. ஆனால் கல்விக்குழுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியர்களில் ஒருவராவது எழுந்து, ‘ஐயா, இது கல்லூரியா, கால்ஷீட்டா?’ என்று கேட்டிருக்க வேண்டாமா?

நடிகருக்குக் கொடுத்தால் அட்மிஷன் காலத்து விளம்பரத்துக்கு ஒரு படம் கிடைக்கிறது, அவ்வளவோடு போகிறது. ஆள்கிறவருக்குக் கொடுக்கும்போதுதான் ஆபத்து.

1971. முதலமைச்சர் மு. கருணாநிதிக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. மாணவர்கள் எதிர்த்தார்கள். கழுதைக்கு அங்கி மாட்டி ஊர்வலம் விட்டதாக இன்றும் சிதம்பரத்தில் சொல்வார்கள். போலீஸ் வந்தது, தடியடி நடந்தது. அதன்பின் உதயகுமார் என்ற மாணவரின் உடல் வளாகத்துக் குளத்தில் கிடந்தது. அது தன் மகன் இல்லை என்று தகப்பனே சொன்னார். சொல்ல வைத்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் சொல்லின. விசாரணை ஆணையம் அமைந்தது. கலைஞரின் தமிழுக்கு ஒரு பட்டம் தகுமா என்பதல்ல கேள்வி. அவர் எழுத்தை வாசித்தவர்களுக்கு அதில் ஐயம் இராது. நாற்காலியில் இருக்கும்போதே வாங்கித்தான் ஆக வேண்டுமா, வாங்குவதற்குப் போலீஸ் காவல் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கடல் கடந்து ஒரு கணக்கும் உண்டு. 1985இல் பிரதமர் மார்கரெட் தாட்சருக்குக் கௌரவப் பட்டம் தரலாமா என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர்கள் வாக்கெடுத்தார்கள். அவர் அங்கேயே படித்தவர். போருக்குப் பின் பிரதமரான ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பட்டம் கிடைத்திருந்தது. கல்விக்கான நிதியை வெட்டியவருக்கு எதற்கு என்று கேட்டு, 738க்கு 319 என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். பிரதமர் கோபப்பட்டிருக்கலாம், யார் வீட்டுப் பிள்ளையும் குளத்தில் கிடக்கவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. இந்த வம்பே வேண்டாமென்று கௌரவப் பட்டம் கொடுப்பதே இல்லை. நம் ஊரில் ஏதாவது ஒரு சிண்டிகேட் ஒரு முதலமைச்சரின் பெயரை வாக்கெடுப்பில் தோற்கடித்தது என்று யாராவது சொன்னால், அந்தச் சிண்டிகேட்டுக்கே நான் பட்டம் கொடுக்கத் தயார்.

1991 ஜூனில் ஜெயலலிதா முதலமைச்சரானார். அந்த டிசம்பரிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆறு மாதம். பிஎச்.டி.க்குப் பதிவு செய்த மாணவர் ஆறு மாதத்தில் கைடு வீட்டு முகவரியைத்தான் தெரிந்துகொண்டிருப்பார். பிறகு மற்றப் பல்கலைக்கழகங்கள் வரிசை கட்டின. ஆட்சி மாறினால் மரியாதையும் மாறும் ஊரில், ‘டாக்டர் கலைஞர்’ சுவரொட்டிக்குப் பக்கத்திலேயே ‘டாக்டர் புரட்சித்தலைவி’ ஃப்ளெக்ஸ் நின்றது. தமிழ்நாட்டு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். பெயர்தான். அதன்கீழ் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஸ்டெதஸ்கோப் பிடிக்காத ஒரு டாக்டரின் பெயர் போட்ட சான்றிதழைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர் ஏழைப் பிள்ளைகளுக்குச் சத்துணவு போட்டவர், அந்தப் புகழே அவருக்குப் போதும். பெயருக்கு முன்னால் அந்த ஒட்டு யாருக்குத் தேவைப்பட்டது? ஒட்டினவர்களுக்கு.

ஏன் ஒட்டுகிறார்கள் என்பதில் மர்மம் இல்லை. 2018 பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புப் போலீசார் கைது செய்தார்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கு 30 லட்சம் ரூபாய் என்பது வழக்கு. அதே ஆண்டு அக்டோபரில், துணைவேந்தர் நியமனங்களில் கோடிகள் கைமாறின என்று அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் மேடையிலேயே சொன்னார். அவர்தான் அப்போது வேந்தர். நாற்காலி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர், சால்வையை எங்கே போர்த்த வேண்டும் என்பதையும் தெரிந்துவைத்திருப்பார். வட்டக்கானல் அருவியில் தண்ணீர் மேலிருந்து கீழே விழுகிறது. நம் பல்கலைக்கழகங்களில் பட்டம் கீழிருந்து மேலே விழுகிறது.

இனி நமது பல்கலைக்கழகத்தின் முதல் விழா. முதல் பட்டம் காட்டுமாட்டுக்கு. தகுதியுரை வருமாறு: அன்னார் கொடைக்கானல் நகர வீதிகளில் எந்த அனுமதியும் இல்லாமல் நடமாடுகிறார். எதிரே வருவோர் எல்லாம் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். என்ன படித்தார் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. கூட்டமாக வந்தால் போக்குவரத்து நிற்கிறது. கோபம் வந்தால் முட்டித் தூக்கிவிடுகிறார், மறுநாள் வனத்துறை பொதுமக்களுக்குத்தான் எச்சரிக்கை விடுக்கிறது. தமிழ்நாட்டில் இதுவரை கௌரவ டாக்டர் பட்டத்துக்குக் கடைப்பிடிக்கப்பட்ட நெறிமுறைகள் அனைத்தையும் அன்னார் பூர்த்தி செய்கிறார். ஒரே குறை, பதிலுக்கு எதையும் அனுமதித்துக் கையெழுத்துப் போட அவருக்குத் தெரியாது.

இரண்டாவது பட்டம் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது. வட்டக்கானலுக்குப் பக்கத்தில் பாம்பார் அருவி இருக்கிறது. 1970களில் இந்துஸ்தான் லீவர் அங்கே ஒரு சோப்பு விளம்பரம் எடுத்தது. ஒரு பெண் அருவியில் குளித்தாள், அருவிக்கு ‘லிரில் அருவி’ என்று பெயர் விழுந்துவிட்டது. இன்றும் டாக்ஸிக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். மலைக்கு அந்தக் கம்பெனி கொடுத்த கௌரவம் அது. கொடுத்த மிச்சமும் உண்டு. பாம்பார் சோலையின் ஓரத்தில் நடந்த தெர்மாமீட்டர் ஆலையும் அதே கம்பெனியின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்தபின், 2001இல் ஆலை மூடப்பட்டது. நோயோடு நின்ற தொழிலாளர்கள் 15 ஆண்டுகள் படியேறி இறங்கிய பிறகு, 2016 மார்ச்சில் 591 பேருடன் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. சோப்பின் பெயர் அருவிக்குப் போயிற்று. பாதரசம் மண்ணுக்குப் போயிற்று. அந்தப் பாம்பார்தான் கீழே கும்பக்கரையில் விழுகிறது.

இதே வட்டக்கானலில் பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற இணையர் வாழ்ந்தார்கள். 1980களில் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். தாவரவியல் அவர்கள் கல்லூரியில் படித்ததல்ல, காட்டில் கற்றுக்கொண்டது. அழிந்துகொண்டிருந்த சோலை மரங்களின் விதையைத் தேடி எடுத்து, நாற்றங்கால் போட்டு வளர்த்தார்கள். வாட்டில், பைன் தோட்டங்களின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வருவதைக் கவனித்து, அந்நிய மரம் என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள் என்று சொன்னார்கள். பழனி மலைக் காடு பற்றி ஆய்வு செய்ய வந்தவர்களில் அவர்கள் வீட்டுத் தேநீர் குடிக்காதவர் குறைவு. இருவரும் இறந்துவிட்டார்கள். அவர்களுக்காக எந்தப் பல்கலைக்கழகமும் ஓர் அங்கியைத் தைக்கச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

அவர்களாவது கொஞ்சம் பேசப்பட்டார்கள். இந்த மலையின் பழங்குடிகளான பளியர்களை யார் கேட்டார்கள்? எந்தக் கிழங்கு எந்த மாதம், எந்தப் பட்டை எந்தக் கடிக்கு, தேனடை எந்தப் பாறையில் என்று அவர்கள் சொன்னதை எழுதி எத்தனை ஆய்வேடுகள் கட்டடம் செய்யப்பட்டிருக்கின்றன! எழுதியவர் டாக்டர் ஆனார். சொன்னவர் அடிக்குறிப்பில் ‘தகவலாளி’ ஆனார், அதுவும் நல்ல கைடாக இருந்தால்.

கௌரவப் பட்டம் என்பதே கேலிக்குரியது என்று நான் சொல்லவில்லை. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் உ.வே. சாமிநாதையருக்குக் கொடுத்தது. கல்லூரியில் படிக்காத அவர், செல்லரித்த ஏடுகளிலிருந்து சங்க இலக்கியத்தைக் கரையேற்றியவர். படிப்பை ஒருவர் வாசலுக்கு வெளியே நின்று செய்து முடித்துவிட்டால், வாசலைத் திறந்து அவரை வணங்கி உள்ளே அழைப்பதற்காக உண்டான பட்டம் அது. இதே மாவட்டத்துக் காந்திகிராமத்தில் 2022 நவம்பரில் இளையராஜாவும் உமையாள்புரம் சிவராமனும் பெற்றபோதும், 2023 நவம்பரில் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தில் பி. சுசீலா பெற்றபோதும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

உழைத்து வாங்கிய டாக்டர்கள் என்ன செய்கிறார்கள்? ஐந்தாறு ஆண்டு ஆய்வு. கைடு வீட்டு விசேஷத்துக்குப் பந்தி பரிமாறுதல். வைவாவுக்கு வரும் வெளித்தேர்வாளருக்கு அறை, சாப்பாடு, கார். பட்டமளிப்புக்குக் கட்டணம், அங்கிக்கு வாடகை. விழா அன்று நட்சத்திர டாக்டரோடு கேமராக்களும் கிளம்பிப் போய்விடும், இவர்கள் கைதட்டக் கொண்டுவந்த கூட்டம்போல் உட்கார்ந்திருப்பார்கள். அதன்பின் அரசுக் கல்லூரியில் ‘கௌரவ விரிவுரையாளர்’. 2019இல் யு.ஜி.சி. மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கச் சொன்னது. தமிழ்நாடு அரசு 2024இல் கொடுத்தது அதில் பாதி. கௌரவமாக டாக்டரானவர்கள் மேடையில். டாக்டராகிக் கௌரவமானவர்கள் ஒப்பந்தத்தில்.

இதையெல்லாம் கேலி பேசித் தாண்டிவிடலாம். தாண்ட முடியாத ஒன்று இருக்கிறது.

1941. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீதான அடக்குமுறையைக் கண்டித்ததற்காகக் கைது செய்யப்பட்டார். பி.ஏ. இறுதித் தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. தேர்வு எழுதவில்லை. அந்தப் பட்டம் பிறகு ஒருநாளும் கிடைக்கவில்லை. வெவ்வேறு காலங்களில் எட்டு ஆண்டு சிறை. வெள்ளையர் சிறையின் கதவு, நாடு விடுதலையாவதற்கு முதல்நாள்தான் திறந்தது. அவர்தான் கம்யூனிஸ்ட் தலைவர் என். சங்கரய்யா. 2021இல் தமிழ்நாடு அரசு முதல் தகைசால் தமிழர் விருதைக் கொடுத்தபோது, அதோடு வந்த 10 லட்சம் ரூபாயை அப்படியே முதலமைச்சரின் நிவாரண நிதிக்குக் கொடுத்தவர்.

2023இல் அவருக்கு 102 வயது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தர முடிவெடுத்தது. வேந்தரான ஆளுநர் ஆர்.என். ரவி கையெழுத்திடவில்லை. நவம்பர் 2ஆம் தேதி பட்டமளிப்பு விழா நடந்தது. உயர்கல்வி அமைச்சர் புறக்கணித்தார். விழா நின்றுவிடவில்லை, குத்துவிளக்கு எரிந்தது. நவம்பர் 15ஆம் தேதி சங்கரய்யா காலமானார்.

நடிகர்களுக்குக் கையெழுத்து ஓடியது. முதலமைச்சர்களுக்கு ஓடியது. எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த வேந்தர் இருந்தாலும் ஓடியது. தேர்வு எழுதவிடாமல் ஒரு வெள்ளை அரசு பறித்ததை, 82 ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒரே ஒரு இடத்தில் பேனா நின்றுவிட்டது. சங்கரய்யாவுக்கு அந்தக் காகிதம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது பல்கலைக்கழகங்களுக்கு, தங்களுக்கு இன்னும் வெட்கம் இருக்கிறது என்று காட்டிக்கொள்ள. அந்த வாய்ப்பு போய்விட்டது.

எனவே வட்டக்கானல் பல்கலைக்கழகக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இருக்கிற பல்கலைக்கழகங்களே அந்த வேலையைத் திறம்படச் செய்கின்றன. பதிலாக மூன்று கோரிக்கைகள். பதவியில் இருப்பவருக்கும், வேந்தரோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவருக்கும் கௌரவப் பட்டம் கிடையாது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு பெயரையும் ஆசிரியர்களின் ரகசிய வாக்கெடுப்புக்கு விட்டு, ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று வெளியிடுங்கள். ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்ட பெயரை வேந்தர் மறுத்தால், காரணத்தை அவர் எழுத்தில் சொல்லட்டும்.

அதுவரை வாசகர் ஒன்று செய்யலாம். ‘டாக்டர்’ என்று தொடங்கும் அரசியல் சுவரொட்டியையோ அழைப்பிதழையோ பார்த்தால், எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு, அப்போது இவர் என்ன பதவியில் இருந்தார் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் பெயரை மட்டும் படியுங்கள். பெயர் தனியாக நிற்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.